பெண் கிளி ஏன் பானையை விட்டு வருவதில்லை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் மருதாயி என்று ஒரு பெண் இருந்தாள். தினை விதைப்பாள், அறுப்பாள். மற்ற நேரமெல்லாம் எதையாவது திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மொட்டைப் பிரித்து உள்ளே பூ எப்படி மடிந்திருக்கிறது என்று பார்ப்பாள். கறையான் புற்றை இடித்து, கடியும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் அறைகளைப் பார்ப்பாள். “உனக்கு நெத்தியிலயும் ஒரு கண்ணு வச்சிருக்கலாம்” என்று அவள் கணவன் கொம்பையா சிரிப்பான்.

ஒரு வருஷம் ஐப்பசியில் பெருங்காற்று அடித்தது. பொந்து விழுந்த கிழ மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்தன. காற்று ஓய்ந்ததும் கைக்குள் அடங்கும் அளவில் இரண்டு பச்சைக் கிளிகள், ஆணும் பெண்ணுமாக, மருதாயி வீட்டு வாசலில் வந்து இறங்கின.

“அக்கா, எங்களுக்குப் போக்கிடம் இல்லை” என்றது பெண் கிளி. “சில்லைக்குருவியாவது புல்லைச் சுத்திக் கூடு கட்டிக்கும். எங்களுக்கு அதுவும் தெரியாது. தரையில முட்டை வச்சா பாம்பு விடுமா?”

மருதாயி மூங்கிலைப் பிளந்தாள். பாம்பு தலை நுழையாதபடி நெருக்கமாகப் பின்னி, வீட்டை ஒட்டி ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்டினாள். பகலில் கதவு திறந்திருக்கும்; பொழுது சாய்ந்தால் சாத்திவிடுவாள். உள்ளே ஒரு மண்பானையைக் கட்டித் தொங்கவிட்டு, அடியில் உமி பரப்பினாள். சேதி கேட்டுச் சில்லைகளும் வாயில் வைக்கோலோடு வந்து, மேல் மூலையில் குடியேறிக்கொண்டன.

பானைக்குள் இறங்கும் முன் பெண் கிளி சொன்னது: “அக்கா, இடமும் நீ குடுத்தது, பானையும் நீ குடுத்தது. ஆனா குஞ்சு வெளியே வர்ற வரைக்கும் உள்ளே எட்டிப் பார்க்காதே.”

“ஏன்?”

“ஏன்னு எனக்கே தெரியாது. பயமா இருக்கு, அவ்வளவுதான்.”

மருதாயி சரி என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

அப்போதெல்லாம் முட்டையிட்ட பெண் கிளியும் ஆணோடு சேர்ந்து இரை தேடப் போய்விட்டு வரும். திரும்பி வரும்வரை உமிச்சூடு முட்டைகளைக் காத்துக்கொள்ளும். அந்த இரண்டும் பறந்து போன பிறகு மருதாயி கூண்டுப் பக்கம் போகாமல் இருக்கப் பார்த்தாள். களை எடுத்தாள். உலை வைத்தாள். ஆனால் அவள் நினைப்பெல்லாம் பானையிலேயே இருந்தது. மொட்டைப் பிரித்தால் பூவின் மடிப்பு தெரிகிறது. முட்டைக்குள் என்ன மடிந்திருக்கும்? இறகு தனியாக வருமா, அலகு தனியாக வருமா? எது முதலில் வரும்?

மார்கழிக் காலை. வெயில் பளீரென்று இருந்தாலும் காற்று ஊசியாகக் குத்தியது. கிளிகள் தினைக்காட்டுக்குப் போயிருந்தன. மருதாயி கூண்டுக்குள் போய்ப் பானைக்குள் கையை விட்டாள். நான்கு முட்டைகள் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்தாள்.

“அக்கா, வேண்டாம்” என்றது மேலே இருந்த சில்லை.

“பார்த்துட்டு வச்சிடறேன்.”

கையைக் குழல்போல் மடக்கி, முட்டையை அதன் முனையில் வைத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். ஓடு விளக்குபோல் சிவந்தது. உள்ளே சிவப்பு இழைகள் நாலாபக்கமும் பரவியிருந்தன. அவை கூடும் இடத்தில் ஒரு துளி துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பைப் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள். காற்று வீசியது அவளுக்கு உறைக்கவில்லை. துடிப்பு மெதுவாவதைக்கூட ஓர் அதிசயம்போலத்தான் பார்த்தாள். பிறகு அது நின்றது.

முட்டையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதினாள். மார்போடு அணைத்தாள். மறுபடி வெயிலில் பிடித்தாள். இழைகள் இருந்தன. துடிப்பு இல்லை.

“அக்கா, கையில என்ன?” பெண் கிளி கதவருகில் வந்து நின்றது.

மருதாயி கையை நீட்டிக் காட்டினாள். ஆண் கிளி கூண்டே அதிரும்படி கத்தியது. பெண் கிளி கத்தவில்லை. அவள் விரலில் வந்து உட்கார்ந்து, முட்டையை அலகால் தொட்டுப் பார்த்தது.

“இத்தனை முட்டை வச்சிருக்கேன். ஒண்ணுக்குள்ளேயும் நான் பார்த்ததில்லை” என்றது. “நீ பார்த்துட்டே. என்ன இருந்துச்சு, சொல்லு.”

மருதாயி அழுதுகொண்டே சொன்னாள். இழைகளைப் பற்றிச் சொன்னாள். துளி துடித்ததைச் சொன்னாள்.

“கண்ணு வந்திருந்துச்சா?”

“கறுப்பா ஒரு புள்ளி தெரிஞ்சுது, தாயி. கண்ணாத்தான் இருக்கணும்.”

பெண் கிளி முட்டையை இன்னொரு முறை அலகால் தொட்டது. பிறகு பானைக்குள் இறங்கியது. உள்ளிருந்து குரல் வந்தது. “மிச்சம் மூணு இருக்கு. இனிமே இதை விட்டு நான் நகர மாட்டேன்.”

“பட்டினி கிடந்து சாவியா?” என்று ஆண் கிளி பதறியது.

“கிடக்கிறேன்.”

ஆண் கிளி காட்டுக்குப் பறந்தது. அலகு நிறையத் தினையைக் கவ்விக்கொண்டு வந்தது. பாதி வழியிலேயே சிந்திப்போனது. மறுபடி போனது. இந்த முறை விழுங்கிக்கொண்டு வந்து, பானை வாயில் தலையை நீட்டித் தொண்டையிலிருந்து கக்கி, பெண்ணின் வாயில் ஊட்டியது. ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

மருதாயி ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தாள். அதில் ஓட்டை குடைந்து தன் கையை நுழைத்துப் பார்த்தாள். விரல்கள் மட்டும் போயின, கை போகவில்லை. அதைப் பானை வாய்மேல் கவிழ்த்து, சுற்றிலும் களிமண் வைத்துப் பூசினாள். அதற்குப் பிறகு தினையும் தண்ணீரும் வைக்கப் போனால், தலையைக் குனிந்துகொண்டு போய்க் குனிந்துகொண்டே திரும்பினாள்.

தை பிறந்து ஒருநாள், பானைக்குள்ளிருந்து பெண் கிளி கூப்பிட்டது. “அக்கா, கிட்டே வா.”

“வேண்டாம் தாயி.”

“கண்ணை மூடிக்கோ. காதை மட்டும் குடு.”

மருதாயி கண்ணை இறுக மூடி, காதைப் பானையின் வயிற்றில் வைத்தாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ கீறியது. பிறகு நூலிழைபோல ஒரு சத்தம்: கீச்.

“பொரிஞ்சிடுச்சா?”

“இல்லை அக்கா. ஓடு இன்னும் உடையலை. உள்ளே இருந்துக்கிட்டே பேசுது.”

“என்ன சொல்லுது?”

“நீயே கேளேன்” என்றது பெண் கிளி.

இப்படித் தொடங்கியதுதான், அடைக்கு உட்கார்ந்த பெண் கிளி பானையை விட்டு வராமல் இருப்பதும், ஆண் கிளி ஓட்டை வழியாக அதற்கு வாயோடு வாய் ஊட்டுவதும். வீட்டில் கிளி வளர்க்கிறவர்கள் இன்றுவரை உள்ளே எட்டிப் பார்க்காமல், கண்ணை மூடிப் பானையில் காதை வைத்துக் கேட்பதும் அன்று முதல்தான்.