வாள் மாப்பிள்ளையின் சம்மதம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா; எந்த நாட்டு ராஜா என்று என்னைக் குடையாதீர்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன ராணி திரும்பி வந்த சந்தோஷத்தில், "இனி நம் நாட்டில் புருஷன் பெண்டாட்டி இருவருமே சம்மதித்தால்தான் மணவிலக்கு" என்று சட்டம் போட்டுவிட்டான். அவன் வீட்டுச் சண்டை தீர்ந்தது, ஊர் மாட்டிக்கொண்டது!

மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி செண்பகவடிவு. எல்லைக் காவலில் இருந்த தளபதி கல்யாணத்துக்கு வராமல், குல வழக்கப்படி தன் வாளை அனுப்பினான். வாளை மணையில் வைத்து, அதன் சார்பில் நாத்தனார் தாலி கட்டினாள். அப்புறமும் அவன் வரவில்லை. அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம். இவளோ முகம் தெரியாத புருஷன் வீட்டில் மாவாட்டி, மாமியாரிடம் ஏச்சு வாங்கி, பாவம், துரும்பாய் இளைத்துப்போனாள். அம்மாவிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

விலக்குக் கேட்டு அவள் சபையில் முறையிட்டதும் மந்திரி பூவராகர் எழுந்தார். அவர் தளபதிக்குத் தாய்மாமன்; சபையின் விகடகவி கும்பாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, புருஷன் சம்மதத்தை நாளைக்குள் கும்பாண்டி வாங்கி வரட்டும். முடியாவிட்டால் சபையை விட்டே போகட்டும்!"

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

எல்லைக்குப் போய்வரவே மாதக்கணக்காகும். இந்த மனுஷன் பிழைப்பிலும் மண்ணைப் போட்டேனே என்று செண்பகவடிவு விம்மினாள்.

"அழாதே தாயி. மாப்பிள்ளை உங்க வீட்டுச் சுவத்துலதானே தொங்குறாரு?" என்றான் கும்பாண்டி.

மறுநாள் வாளுக்குத் தலைப்பாகை கட்டிச் சபைக்குத் தூக்கி வந்தான்.

"மந்திரியாரே, மாப்பிள்ளை இவர்தானே?"

"சந்தேகமென்ன? வாள் வந்தால் தளபதி வந்த மாதிரிதான்!"

"மாப்பிள்ளையே, இவளை விலக்கத் தங்களுக்குச் சம்மதமா?"

வாள் சும்மா கிடந்தது.

"சம்மதித்துவிட்டார், மகாராஜா!"

"பேசாமல் கிடந்தால் சம்மதமா?" என்று மந்திரி குதித்தார்.

"மணையில் வைத்துச் சம்மதம் கேட்டபோதும் இப்படித்தானே கிடந்தார்? தாங்கள்தானே முதல் அட்சதை போட்டீர்கள்? அது சம்மதமென்றால் இதுவும் சம்மதம். இல்லையென்றால் கல்யாணமே நடக்கவில்லை. எது என்று தாங்களே சொல்லுங்கள், ஐயா."

குதித்த மந்திரி மெல்ல உட்கார்ந்தார். ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விலக்குத் தந்து, தன் சால்வையைக் கழற்றிக் கும்பாண்டிக்குப் போர்த்தினான்.

செண்பகவடிவு தாலியைக் கழற்றி வாளின் பிடியில் மாட்டினாள்.

"உம்மேல எனக்கு வருத்தமில்ல. அந்த வீட்டுல என்னை ஏசாதது நீ ஒண்ணுதான்" என்றாள்.

ராஜாவின் சிரிப்பு நின்றது. ராணியின் பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லி, செண்பகவடிவை அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தான்.