ஏட்டையாவின் காலித் தோட்டா

ஏட்டு கருத்தப்பாண்டிக்கு வயது அறுபத்திரண்டு. கம்பம் ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கும் பாத்திமுத்துவுக்கு நாற்பது. ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் வேலை பழக வந்தவர் அவர். இத்தனை வயது வித்தியாசத்திலும் அவளைக் குருவாக மதித்து ‘உஸ்தாது’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை தன் ரைபிளை அவள் மேசையில் வைத்தார். போலீஸ்காரர் குழம்பினாலும் விறைப்பாகத்தான் குழம்புவார். நேராக நின்றுகொண்டே சொன்னார்.

“உஸ்தாது, சுட்ட தோட்டா வெளிய விழ மாட்டேங்குது. போல்ட்ட இழுத்தா தோட்டா ஏத்துற வாய்லயே படுத்துக்கிடுது. அடுத்த தோட்டா அதுல இடிச்சு நிக்குது.”

“என்ன செஞ்சு பாத்தீங்க?”

“தோட்டாவ இழுக்குற கொக்கியக் கழட்டித் தொடச்சேன். ஸ்பிரிங்கு மாத்துனேன். எண்ணெய் கூடிப்போச்சுன்னு தொடச்சேன். கொறஞ்சுபோச்சுன்னு மறுபடி விட்டேன். எனக்கு ஒன்னுமே புரியல.”

போன வாரம் சோளக்காட்டில் அவர் சுட்ட காட்டுப்பன்றி திரும்பிப் பாய்ந்தபோது இப்படித்தான் இரண்டாவது தோட்டா ஏறவில்லை. பக்கத்தில் நின்ற வனத்துறை வாட்சர் பொம்மையனுக்குத் தொடையில் பதினொரு தையல். நாளை மறுபடியும் போகிறார்கள். அண்ணனுக்குப் பதிலாகப் பொம்மையனின் தம்பி வருகிறான்.

பாத்திமுத்து மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களை ஏற்றினாள். போல்ட்டைக் கைப்பிடியோடு வெடுக்கென்று இழுத்தாள். அது பின்னால் போய் ‘டக்’கென்று இடித்ததும் தோட்டா துள்ளி அலமாரிக்கு அடியில் ஓடியது.

“ஒங்க கைக்கு மட்டும் விழுதே,” என்றார். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

“இப்ப நீங்க இழுங்க.”

தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல இழுத்தார். போல்ட் இடிப்பதற்குள் கை தானாக நின்றுவிட்டது. தோட்டா வாயிலேயே கிடந்தது.

“ஏன் இம்புட்டு மெதுவா?”

“அது சர்வீஸ்ல வந்த பழக்கம் உஸ்தாது. ரேஞ்சுல சுட்டா காலித் தோட்டா அத்தனையும் திருப்பி ஒப்படைக்கணும். ஒரு தடவ ஒன்னு காணாமப் போச்சு. மொத்தப் பிளட்டூனும் பொழுது சாயிற வரைக்கும் மண்டி போட்டுப் புல்லத் தடவுனோம். அன்னைலருந்து ஒன்னக்கூடப் பறக்க விட்டதில்ல. அதுக்கும் இந்த ரிப்பேருக்கும் என்ன சம்பந்தம்?”

பாத்திமுத்து ரைபிளை வாங்கி, வாயில் கிடந்த தோட்டாவையே உள்ளே தள்ளி, மறுபடியும் வெடுக்கென்று இழுத்தாள். இந்தத் தடவை தோட்டா வாசல் பக்கம் பறந்தது.

அது உருண்டு நிற்பதற்குள் ஏட்டையா தரையில் மண்டி போட்டிருந்தார்.

“விடுங்க ஏட்டையா.”

“இருங்க உஸ்தாது, கண்ணுல பட்டுருச்சு.”

அதை எடுத்தார். அப்படியே தவழ்ந்து போய் அலமாரிக்கு அடியில் கைவிட்டு முதல் தோட்டாவையும் எடுத்தார். இரண்டையும் துண்டில் துடைத்து மேசையில் நிற்க வைத்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“ரெண்டும் சரியா இருக்கு உஸ்தாது.”

பாத்திமுத்து ரைபிளை அவர் கையில் கொடுத்தாள்.

“தோட்டா இருக்கு. பன்னி இப்ப எங்க நிக்கிது, ஏட்டையா?”