வேறொருவரின் ஜலதோஷம்

"டீச்சர், எனக்கு இன்னொருத்தரோட ஜலதோஷம் இருக்கு" என்றான் கொம்பையா.

ஆவுடை டீச்சர் ஹார்மோனியக் கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எவ்வளவு நாளா?"

"பதினாறு வருசமா."

இப்போது நிமிர்ந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. முதல்ல இருந்து சொல்லுங்க."

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடந்தது டீச்சரின் பாட்டு வகுப்பு. டீச்சருக்கு வயது இருபத்தொன்பது. கொம்பையாவுக்கு முப்பத்தேழு. தன்னைவிட எட்டு வயது சின்னவரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

அவரைத் தேடி வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் பாடி முடித்ததும் மண்டபமே மேடைக்கு வந்து கைகுலுக்கியது. டீச்சர் மட்டும், "ஒரு நாள் நீங்க பாடணும் அண்ணாச்சி. கேக்க ஆசையா இருக்கு" என்றார்.

பந்தியில் இருந்துவிட்டார், கச்சேரியைக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு அவன் நினைத்துக்கொண்டான்.

கொம்பையா தன் கதையைச் சொன்னான்.

அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகன். முப்பது வருடத்துக்கு முன் வந்த படம் ஒன்றில் ஒரு பெரிய பாடகர் பாடிய பாட்டு உண்டு. பிழைப்புக்கு வெளியூர் போனவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிற பாட்டு. 'கடுதாசிப் பாட்டு' என்றால் தெரியாதவர் கிடையாது. இரண்டாவது சரணத்தில் ஓரிடத்தில் பாடகர் மெல்ல மூக்கை உறிஞ்சுவார். அந்த இடத்தில் கேட்பவர்கள் எல்லோரும் அழுதுவிடுவார்கள்.

கொம்பையா அதை அச்சு அசலாகப் பாடுவான், உறிஞ்சலையும் சேர்த்து. அதற்காகவே திருவிழாக்களுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரிய பாடகரின் பெயருக்கு முன்னால் 'சின்ன' என்று போட்டு, அதை அவன் படத்துக்குக் கீழே போஸ்டரில் அச்சடித்தார்கள். கொம்பையா என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

போன வாரம் இசையமைப்பாளர் பரஞ்சோதி அவனைச் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார். புதுப் படத்தில் ஒரு பாட்டுக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தார். கொம்பையா அவர் முன்னால் கடுதாசிப் பாட்டையே பாடினான். உறிஞ்ச வேண்டிய இடத்தில் உறிஞ்சினான்.

பரஞ்சோதி சிரித்துவிட்டார்.

"தம்பி, அந்த ரெக்கார்டிங்குக்கு வயலின் வாசிச்சதே நான்தான். அது சந்தோஷமான பாட்டு. வார்த்தையைப் பாருங்க, எல்லாம் நல்லா இருக்குன்னுதானே எழுதுறான்? அன்னிக்கு அவருக்கு ஜலதோஷம். மறுபடி எடுக்க நேரம் இல்ல, அப்படியே விட்டுட்டாங்க. நீங்க அவர் ஜலதோஷத்தையும் சேர்த்துப் பாடுறீங்க."

போகும்போது சொல்லி அனுப்பினார்.

"பத்தாம் தேதி வாங்க. இதே பாட்டுதான். ஆனா நீங்க பாடணும். அது முடியலேன்னா வர வேண்டாம்."

கதையை இத்தோடு நிறுத்திவிட்டு, கொம்பையா டீச்சரைப் பார்த்தான்.

"உறிஞ்சாமப் பாடிப் பாத்தேன் டீச்சர். அந்த எடம் வந்தா மூக்கு தானா இழுக்கு. அத எடுத்துட்டா பாட்டே நொண்டுது. என் குரல் எதுன்னு எனக்கே தெரியல்ல."

டீச்சர் ஹார்மோனியத்தில் கடுதாசிப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. கொம்பையா வாயை மூடிக்கொண்டு கேட்டான். இரண்டாவது சரணத்தில் அந்த இடத்துக்கு ஒரு ஸ்வரம் முன்னால் டீச்சர் சட்டென்று நிறுத்தினார்.

அமைதியான அறையில் கொம்பையாவின் மூக்கு உறிஞ்சியது.



"சரி" என்றார் டீச்சர். "இந்தப் பாட்டக் கேட்டே இருக்காத ஒரு ஆளக் கண்டுபிடிங்க. அவருக்கு இதப் பாடிக் காட்டுங்க. பொறவு வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சாதகம் ஏதும் பண்ண வேண்டாமா? சரளி வரிசை, ஜண்டை வரிசை…"

"பிள்ளைங்க வார நேரம் அண்ணாச்சி. எந்திரிங்க."

இத்தனை பெரிய ஊரில் ஒரு ஆள் கிடைக்காமலா போய்விடும் என்று கொம்பையா கிளம்பினான்.

சலூன்காரர் முதல் வரியிலேயே கத்தரிக்கோலால் தாளம் போட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் நான்கு பேர் சேர்ந்துகொண்டு பாடினார்கள். அதில் ஒருவர் அவனைவிட நன்றாக உறிஞ்சினார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "ஓ, ரீல்ஸ் பாட்டா அங்கிள்?" என்றாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது அதன் அம்மா போனில் அடிக்கிற ரிங்டோன்.

கன்னியர் மடத்தில் ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். பதினெட்டு வயதில் மடத்துக்கு வந்தவர். சினிமாப் பாட்டு எதையும் கேட்டதில்லை என்று அடித்துச் சொன்னார். கொம்பையா சந்தோஷமாகப் பாடினான். இரண்டாவது சரணத்துக்கு வருவதற்குள் சிஸ்டரின் விரல் ஜெபமாலை மணியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"எதுத்தாப்புல டீக்கடை இருந்துது தம்பி" என்றார் சிஸ்டர், தரையைப் பார்த்தபடி.

பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. கொம்பையா டீச்சரிடம் திரும்பி வந்தான்.

"கீழ ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பாடிட்டேன் டீச்சர். அவரு கேட்டதே இல்லியாம்."

"அவருக்குக் காது கேக்காதுல்லா?"

"அதனாலதான கேட்டதில்ல."

"அப்ப நீங்க பாடினத மட்டும் எப்படிக் கேட்டாரு?"

கொம்பையா தலையைச் சொறிந்தான். "ஊரே கேட்டிருக்கு டீச்சர். நான் எங்க போவேன்?"

"கேட்டவங்க எந்த எடத்துல தலைய ஆட்டினாங்க?"

"உறிஞ்சுத எடத்துலதான்."

"கடுதாசில என்ன எழுதியிருக்குன்னு யாராவது கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல்ல. எல்லாருக்கும்தான் தெரியுமே."

"ம்" என்றார் டீச்சர். "இன்னும் அஞ்சு நாள் கெடக்குல்லா."

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. இந்தப் பிள்ளை நம்மை வைத்து விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினான். இனி அந்த மாடிப்படி ஏறுவதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடையின் அளவு பார்க்கப் போனான். அடுத்த வாரம் அங்கே அவன் குழுவுக்குக் கச்சேரி. மண்டபத்தில் தரை வேலை நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து, ஒட்டி முடித்த டைல்ஸை ஒவ்வொன்றாக ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், காதைச் சாய்ப்பார், அடுத்ததற்கு நகர்வார். ஒன்றில் மட்டும் நின்று இரண்டு முறை தட்டினார். பிறகு அதைப் பெயர்த்து எடுத்தார்.

"நல்லாத்தான இருந்துது?" என்று கேட்டான் கொம்பையா.

"மேல நல்லா. கீழ காலி. சத்தம் சொல்லும்."

அவர் பெயர் சுதாம். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது என்றார். தமிழ் அரைகுறைதான். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவார்.

கொம்பையா இன்னும் பக்கத்தில் போனான்.

"தமிழ்ப் பாட்டு கேப்பியளா தம்பி?"

"இல்ல அண்ணா. நாள் பூரா கட்டிங் மெஷின் ஓடும். பாட்டு எங்க கேக்கும்?"

கொம்பையா கடுதாசிப் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தான். சுதாம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது வரியையும் முணுமுணுத்தான். சுதாம் அடுத்த டைல்ஸைத் தட்டினார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது கொம்பையாவுக்கு. ஒரு சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடினான். பதினாறு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக அவன் பாடியதே இல்லை. உறிஞ்ச வேண்டிய இடத்தில் உறிஞ்சிவிட்டு, பழக்கத்தில், கைதட்டலுக்காக ஒரு நொடி நின்றான்.

கைதட்டல் வரவில்லை. சுதாம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடி ரொம்ப நீளமாக இருந்தது.

பாடி முடித்துவிட்டுக் கேட்டான். "எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணா. ஒரு இடம் காலி."

"எந்த எடம்?"

சுதாம் மூக்கை உறிஞ்சிக் காட்டினார்.

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. தமிழே சரியாகத் தெரியாதவர் நேராக அங்கே போய்க் கை வைக்கிறார்.

"பாட்டு என்ன சொல்லுது?" என்று கேட்டார் சுதாம்.

கொம்பையா ஒவ்வொரு வரியாக விளக்க ஆரம்பித்தான். இதுவரை யாருக்கும் அவன் அதைச் செய்ததில்லை.

"ஒருத்தன் வேலைக்கு வெளியூர் போயிருக்கான். அம்மாவுக்குக் கடுதாசி எழுதுதான். இங்க சாப்பாடு நல்லா இருக்கு. முதலாளி நல்லவரு. ரூம்ல நல்லா காத்து வருது. காய்ச்சல் விட்டுட்டு. தீபாவளிக்கு லீவு இல்ல, ஆனா நீ கவலப்படாத. இதான் பாட்டு."

"பொய்" என்றார் சுதாம்.

"எது?"

"எல்லாம் பொய் அண்ணா. ரூம்ல காத்து வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அதான் சொல்றேன். தினம், போன்ல." சுதாம் சுத்தியலைக் கீழே வைத்தார். "ஆனா அழுதா போன் பண்ண மாட்டேன். அம்மாக்குத் தெரிஞ்சுடும். முன்னாடி அழுவேன். அப்புறம் மூஞ்சி கழுவுவேன். அப்புறம்தான் போன்."



வள்ளியூரில் கொம்பையாவின் அம்மா இருந்தாள். வாரம் தவறாமல் அவளுக்குப் போன் செய்வான். 'நல்லா இருக்கேம்மா. போஸ்டர்ல என் பேரு பெருசாப் போட்டிருக்காவ. வரும்போது கொண்டாந்து காட்டுதேன்.' பதினாறு வருடத்தில் ஒரு போஸ்டரைக்கூட அவன் கொண்டுபோய்க் காட்டவில்லை. அவளும் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. முப்பத்தேழு வயதில், பட்டப்பகலில், சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து அழுதான். சுதாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"இன்னொரு தடவ பாடட்டுமா?"

"பாடு அண்ணா."

இந்த முறை சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டான். அவன் தொண்டைக்கு அதுதான் சுகமாக வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று பாடினான். முதலாளி நல்லவர் என்று பாடினான். தீபாவளிக்கு வர முடியாது என்கிற வரியைச் சற்று அவசரமாகவே கடந்தான், அம்மா குறுக்கே ஏதாவது கேட்டுவிடக் கூடாதே என்று. இரண்டாவது சரணம் வந்தது, போனது. மூக்கு அதன்பாட்டுக்கு இருந்தது.

பாடி முடித்ததும் சுதாம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, தண்ணீர் டிரம் இருந்த பக்கமாகப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

கொம்பையா மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினான்.

"ஆள் கெடச்சுட்டாரு டீச்சர்."

"என்ன சொன்னாரு?"

"முதல் தடவ, ஒரு எடம் காலின்னாரு. ரெண்டாவது தடவ ஒண்ணும் சொல்லல்ல."

டீச்சர் ஹார்மோனியத்தை மூடினார்.

"பாடிக் காட்டட்டுமா?" என்று கேட்டான்.

"கேக்க எனக்கும் ஆசதான். ஆனா இப்ப என் முகத்தப் பாத்துப் பாத்துப் பாடுவிய. போயிட்டு வாங்க அண்ணாச்சி. ரயிலுக்கு நேரமாவுது."

பத்தாம் தேதி. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரஞ்சோதி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் கொம்பையா ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றான்.

பரஞ்சோதி கையசைத்தார். கொம்பையா பாடினான்.

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டு, முப்பது வருடத்துக்கு முன் வாசித்த வயலின் பகுதியை விரலால் மேசையில் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தில் அந்த விரல் நின்றது. பிறகு அசையவே இல்லை.

பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. இதுவும் போச்சு என்று கொம்பையா நினைத்தான்.

ஹெட்போனில் பரஞ்சோதியின் குரல் வந்தது.

"தம்பி, அப்போ அந்தப் பையன் அங்க நல்லா இல்லையா?"