குடிபடையில் குடி முந்திக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் கறையான்கள் பேசும். பேச ஆரம்பித்தால் நிறுத்தாது, அது வேறு விஷயம். ஒரு புற்றில் பொன்னுருவி என்றொரு அக்காவும் சடையன் என்றொரு தம்பியும் இருந்தார்கள். அம்மா ராணிக் கறையான். முட்டையிடவே அவளுக்கு நாள் போதாது. தம்பியைத் தூக்கி வளர்த்ததெல்லாம் அக்காதான்.

ஒரு நாள் கட்டெறும்புக் கூட்டம் சண்டைக்கு வருவதாகச் சேதி வந்தது. கொல்லன் வண்டு ஓடிவந்து, கேட்டவர்களுக்கெல்லாம் வாயில் கத்தரி மாதிரி கொடுக்கு பொருத்தியது. சடையன்தான் முதல் ஆள்.

"அப்புறம் கழற்ற முடியாதுடா, யோசிச்சுக்கோ" என்றது வண்டு. அவன் எங்கே கேட்டான்!

"நீயும் வாயேன்க்கா" என்றான் சடையன்.

"நானும் வந்துட்டா சுவரை யாருடா பூசுறது? குஞ்சுகளுக்கு யாரு ஊட்டுறது?"

"சரியான பயந்தாங்கொள்ளி!" என்று சிரித்துக்கொண்டே போனான். பொன்னுருவியையும் அவளோடு நின்றுவிட்டவர்களையும் படைக்காரர்கள் 'படையில் இல்லாததுகள்' என்றே கூப்பிட்டார்கள். பெயராம் பெயர்!

சண்டையில் ஜெயித்தார்கள். சடையன் நன்றாகவே சண்டை போட்டான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், கொடுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, இரை வாய்க்கு எட்டவே இல்லை. சொன்னால் மானம் போய்விடுமே என்று மூச்சுவிடவில்லை, பாவிப் பயல். மூன்றாம் நாள் வாசலிலேயே சுருண்டு விழுந்தான். மற்றப் படைக்காரர்களும் அங்கங்கே கிடந்தார்கள்.

பொன்னுருவி பதறிப்போனாள். "அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" மரத்தை மென்று கூழாக்கினாள். இரண்டு கொடுக்குக்கும் நடுவே தலையை நுழைத்து அவன் வாயில் ஊட்டினாள். அவன் லேசாக வாயை மூடினாலும் அவள் கழுத்து போய்விடும். சடையன் அசையவே இல்லை. கண் மட்டும் கலங்கியது.

அதற்குள் பக்கத்தில் கிடந்த படைத்தலைவன், "படையில் இல்லாததுகளா, இங்கேயும் வாங்க!" என்று முனகினான்.

சடையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்படிச் சொல்லாதீங்க! இவங்க குடியிருக்கிறதாலதான் இது வீடு. இல்லேன்னா வெறும் மண்ணு. மண்ணுக்காகவா நாம சண்டை போட்டோம்? இவங்கதான் குடி. இவங்களுக்கு அப்புறம்தான் நாம."

"சரி சரி, குடிகளே, இங்கேயும் வாங்க!" என்று மாற்றிக் கூப்பிட்டான் படைத்தலைவன். அவனுக்கும் பசி.

அன்று முதல்தான் படைக்குப் போகாதவர்களுக்குக் 'குடி' என்ற பெயர் வந்தது. இரண்டு பேரையும் சேர்த்துக் 'குடிபடை' என்று சொல்லும்போது குடி முந்திக்கொள்வதும் அன்று முதல்தான். படைக் கறையான் இன்றைக்கும் தானாகச் சாப்பிடாது. யாராவது வந்து ஊட்டி முடிக்கும்வரை, அத்தனை பெரிய கொடுக்கையும் அசைக்காமல் நிற்கும்.