மொட்டைப்பாறைக்கு ஏறிய தண்ணீர்

தீப்பெட்டி ஆலைகள் நெருக்கியடிக்கிற ஒரு ஊர். தீயணைப்பு வண்டி தண்ணீர் பிடிக்க ஆலைத்தெருவில் ஒரு ஹைட்ரண்ட் உண்டு. அதற்கு வருகிற ஒல்லிக்குழாயே போதும் என்று நகராட்சியின் பெரிய இன்ஜினியர் தாண்டவமூர்த்தி, ஊர்க் குழாய்களை வரைந்து கணக்குப் போடும் கம்ப்யூட்டரில் தீயணைப்பு அதிகாரிக்குக் காட்டினார்.

"நிமிஷத்துக்கு ஆயிரம் லிட்டர்னு அடிச்சேன். வருது பாருங்க!"

போதும் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டால் புதுக்குழாய் கிடையாது. நகராட்சியில் தற்காலிக வேலை பார்க்கும் பூரணவல்லிக்குப் பதறியது. அவள் அம்மா அந்தத் தெருவில்தான் குச்சி அடுக்குகிறாள்.

"ஐயா, உங்க புண்ணியத்துல இந்தக் கம்ப்யூட்டர்லயே ஊருக்கு வெளிய இருக்கிற மொட்டைப்பாறை உச்சியிலயும் ஒரு ஹைட்ரண்ட் வெச்சுப் பாக்கட்டுமா?"

"என் கணக்கு எங்கயும் பேசும். வை!"

திரையில் அதே ஒல்லிக்குழாயைப் பாறை உச்சிக்கு இழுத்து, லட்சம் லிட்டர் என்று அடித்தாள். லட்சமும் வந்தது! காக்காய்கூடத் தண்ணீர் காணாத பாறையில் ஆறு ஓடுகிறதே என்று அறையே வாய் பிளந்தது.

"எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

"கேட்டதையெல்லாம் குடுத்ததா இது எழுதிக்கும் சார். நிஜமா குடுக்க முடியுமான்னு பக்கத்துக் கட்டத்துல இருக்கிற அழுத்தம்தான் சொல்லும். அது பூஜ்யத்துக்குக் கீழ போனா, அவ்வளவு தண்ணி வராதுன்னு அர்த்தம்."

அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது. பாறையிலும் அப்படித்தான், ஆலைத்தெருவிலும் அப்படித்தான்.

அதிகாரி எழுந்து அவளைக் கும்பிட்டார். பிறகு திரும்பினார்.

"இன்ஜினியர் சார், புதுக்குழாய் போடுங்க. அதுக்குள்ள தீப்பிடிச்சா, இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு நீங்கதான் முன்னால ஓடணும்."