ராஜாவுக்குப் புரையேறியது

“க்ஹக்... க்ஹக்... க்ஹா!”

போஜன சாலையிலிருந்து கிளம்பிய அந்தச் சத்தத்தில் மாடப்புறாக்கள் படபடவென்று பறந்தன. காவலர்கள் வேலும் கையுமாக ஓடி வந்தார்கள். எதிரி யாரும் இல்லை. ராஜா வீரகம்பீரர்தான் வாழை இலைக்கு முன்னால், கண் பிதுங்க, முகம் செக்கச் சிவக்க இருமிக்கொண்டிருந்தார்.

எந்தக் காலம், எந்த நாடு என்று கேட்காதீர்கள். ராஜா வாயைத் திறந்தால் அதுவே சட்டமாக இருந்த காலம், அது போதும். அந்த வாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. கவளத்தைப் போட்டுக்கொண்ட பிறகுதான் அதற்குப் பேச்சே வரும். அன்றைக்கும் புளியோதரையை அடைத்துக்கொண்டு, தாம் காட்டுப்பன்றியைக் குத்திய கதையைச் சொன்னார். பன்றி பாய்ந்த இடத்தில் தாமே சிரித்தார். புரையேறிவிட்டது.

ஆளாளுக்கு ஓடிப்போய் ராஜாவின் உச்சந்தலையைத் தட்டினார்கள். “யாரோ நினைக்கிறார்கள் மகாராஜா! யாரோ நினைக்கிறார்கள்!”

கடைசியில் பெரிதாக ஒரு தும்மல். ராஜாவின் மூக்கிலிருந்து சோற்றுப்பருக்கை ஒன்று தெறித்து, பிரதானி சூரப்பரின் அங்கவஸ்திரத்தில் ஒட்டிக்கொண்டது.

சூரப்பர் அதைத் துடைக்கவில்லை. இப்படி ஒன்றுக்காகத்தான் அவர் காத்திருந்தார். விகடம் பேசும் இடும்பனை ராஜா பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதும், தம்மைத் தள்ளி நிற்கவைப்பதும் அவர் வயிற்றில் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

“மகாராஜா, அன்பாக நினைத்தால் வெறும் இருமலோடு போகும். வாய்வழி போன அன்னம் மூக்குவழி திரும்பினால் அது வசவு. அதோ, மடைப்பள்ளி வாசலில் நிற்கும் வடிவாளின் உதடு அசைந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.”

வடிவாள் அரண்மனைச் சமையல்காரி, இடும்பனின் மனைவி.

ராஜாவுக்கு மூக்குக்குள் புளியும் மிளகாயும் எரிந்தன. “என் மூக்கை எரியவைத்தவளுக்கு மூக்கே இருக்கக் கூடாது. நாளைப் பொழுது சாய்வதற்குள் அறுத்துவிடுங்கள்!”

“தாங்கள் அமுது செய்யும் வேளையில் நாட்டில் எவரும் தங்களை நினைக்கவே கூடாது என்று ஒரு சட்டமும் போட்டுவிட்டால், தொல்லை அடியோடு ஒழியும்” என்று குனிந்தார் சூரப்பர்.

“போட்டேன்! நினைப்பவன் மூக்கும் போகும்.”

இடும்பன் எழுந்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மகாராஜா, குற்றவாளி வடிவாள் இல்லை. தங்கள் தொண்டை.”



“என் தொண்டை மீதே குற்றம் சாட்டுகிறாயா?”

“ஆமாம். மூக்கைத்தான் அறுக்க வேண்டும் என்றால், சோறு வந்த மூக்கு எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.”

ராஜாவின் கை தானாகத் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. “நாளைச் சாப்பாட்டு வேளைக்குள் நிரூபி. இல்லையென்றால் உன் மூக்கும் சேர்ந்து போகும்.”

“சரி. புதுச் சட்டத்தை ஊருக்குச் சொல்லும் வேலையை மட்டும் எனக்குக் கொடுங்கள்.”

“எடுத்துக்கொள்!”

அன்று மாலை, சிறைக் கம்பிக்குப் பின்னால் வடிவாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஏய்யா, என்னை வெளிய எடுன்னா, உன் மூக்கையும் கொண்டுபோய் அடகு வச்சிட்டு வந்து நிக்கிறியா?”

“அதை விடு. நெசமா நீ என்னத்த முணுமுணுத்தே?”

“அதெல்லாம் இப்ப கேக்காதே. போய் ஆகுற வேலையப் பாரு.”

இடும்பன் தண்டோராவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டான்.

மறுநாள் உச்சிவேளையில் ராஜா மணையில் உட்கார்ந்தார். முன்னால் இலை இல்லை. விசிறி வீசுபவனைக் காணோம். கைதட்டினார்; யாரும் வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். காவலர்கள் வேப்ப மரத்தடியில் குறட்டை விட்டார்கள். திறந்துகிடந்த கோட்டைக் கதவு வழியே ஒரு வெள்ளாடு சாவகாசமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அடேய், என் சோறு எங்கே?”

முற்றத்தில் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்த பரிசாரகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “சாமி, பேசாதீங்க! யாருக்குச் சோறுன்னு நான் நெனச்சாலே மூக்கு போயிடும். ராசாவுக்கு வடிக்கணும்னு நெனைக்காதே, ராசாவுக்குக் காவல் நிக்கணும்னு நெனைக்காதேன்னு இடும்பன் தெருத்தெருவாத் தண்டோரா போட்டிருக்காரு!”

ராஜா பல்லைக் கடித்தார். ஆனால் பசி கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. தாமே மடைப்பள்ளிக்குள் நுழைந்தார். மூலையில் பழைய சோற்றுப் பானையும் மாங்காய் ஊறுகாயும் இருந்தன. பக்கத்தில் இடும்பன் கைகட்டி நின்றான். ராஜா சம்மணம் போட்டு உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

பானை பாதி காலியானபோது சூரப்பர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “மகாராஜா! ஊரே தங்களை மறந்துவிட்டது! நான் ஒருவன்தான் காலையிலிருந்து தங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்!”

ராஜா நிறைந்த வாயோடு கர்ஜிக்கப் போனார். பாய்ந்து வந்து அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினான் இடும்பன்.

“முதலில் விழுங்குங்கள். பிறகு கத்துங்கள்.”

“ராஜத் துரோகம்!” என்று அலறினார் சூரப்பர்.

ராஜா முறைத்துக்கொண்டே விழுங்கினார்.

“பிரதானியார் காலையிலிருந்து நினைத்தாராம். தாங்கள் அரைப்பானை சாப்பிட்டீர்கள். ஓர் இருமல் வந்ததா?”

ராஜா பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

“தொண்டைக்குள் இரண்டு வழி மகாராஜா. முன்னால் மூச்சுக்கு, பின்னால் சோற்றுக்கு. அடிநாக்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு மூடி. விழுங்கும்போது மூச்சுவழியை மூடும். பேசினால், சிரித்தால் திறந்துகொள்ளும். குரல்வளையில் விரல் வைத்து எச்சில் விழுங்குங்கள். மேலே ஏறுகிறதா? அந்த நேரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள்.”

ராஜா இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார்.

“அண்ணத்துக்குப் பின்னால் மூக்குக்கும் ஒரு வாசல் உண்டு. இருமல் தள்ளிய பருக்கை அந்த வழியாக வந்தது. வசவு எங்கே வந்தது?”

“பொய்! எல்லாம் பொய்!” என்றார் சூரப்பர்.

“பொய் என்றால், பிரதானியார் ஒரு கவளத்தை விழுங்கிக்கொண்டே மகாராஜாவின் பட்டப்பெயர்களைச் சொல்லட்டும்.”

ராஜாவே கவளம் உருட்டிக் கொடுத்தார். மறுக்க முடியுமா? “ராஜாதி ராஜ, ராஜ மார்த்த... க்ஹக்! க்ஹா!” சூரப்பர் மடைப்பள்ளியைச் சுற்றிச் சுற்றி இருமினார். அவர் மூக்கிலிருந்து வந்த பருக்கையில் ஊறுகாய்க் காரமும் இருந்தது.

“யார் நினைத்தார்கள் பிரதானியாரே?” என்று கேட்டான் இடும்பன்.

வாயில் ஒன்றும் மிச்சமில்லை என்று நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்ட பிறகு, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அங்கேயே ரத்தானது. தாம் சாப்பிடும் வேளையெல்லாம் சூரப்பர் வாய்பொத்தி எதிரில் நிற்க வேண்டும் என்று உத்தரவானது. இடும்பனுக்குப் பட்டுப் பீதாம்பரமும் முத்துமாலையும் கிடைத்தன. சிறையிலிருந்து வந்த வடிவாளின் கையில், கஜானாவிலிருந்து எடுத்த வைர மூக்குத்தியை வைத்தார் ராஜா.

“எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது உண்மையைச் சொல் வடிவு. நேற்று என்னைத் திட்டினாயா, இல்லையா?”

இல்லையென்று சொல் என்று இடும்பன் கண்ணாலேயே கெஞ்சினான். வடிவாள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மூக்குத்தியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“தெனமுந்தான் திட்டுறேன் மகாராசா! அதுக்கெல்லாம் புரையேறணும்னா, இத்தனை வருசத்துல உங்க தொண்டையில ஒரு வாய் சோறாவது எறங்கியிருக்குமா?”