கயலின் மனசுக்கு மூன்று காவலர்கள்

புளிமேட்டுப்பட்டிக்காரர்களுக்கு அறிவில்லை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவேன். அவர்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடி கேட்பவர்கள். அது ஒரு குற்றமா?

அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் பேஸ்பால் ஆடுவார்கள். பந்து வீசுகிறவள் கயற்கண்ணி, வயது பதினான்கு. அவள் வீசுவதை மட்டையால் அடிக்காமல் மூன்று முறை விட்டால் எதிராளி அவுட். அவளுடைய பந்து கேட்சர் சிந்தாமணியின் கையுறையில் விழுகிற சத்தத்தில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பும். ஆனால் யாராவது ஒரு பந்தை அடித்துவிட்டால் போதும், கயல் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த பத்தையும் கோட்டைவிடுவாள். வருகிற ஞாயிறு நாவலேரி அணியோடு ஆட்டம். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க ஜெபமணி மேடம் பார்க்க வருகிறார். கயலுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு.

மனப்பயிற்சி சொல்லித்தருகிறவர் ஒருவரை டவுனிலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் ஒரு மணி நேரம் பேசி, ஒரு தாளைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். தாளை நிறைவேற்ற ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர் சிங்காரம், செயலாளர் நாகப்பன், உறுப்பினர் வடமலை. மூவருக்கும் மீசை உண்டு. மனசுக்குச் சொந்தக்காரியை ஏன் கமிட்டியில் சேர்க்கவில்லை என்று கேட்காதீர்கள். அவளுக்கு ஹோம்வொர்க் இருந்ததாம்.

தாளில் முதல் வரி: 'வீசுவதற்கு முன் பந்து கையுறைக்குள் போவதை மனதில் பார்.'

"அப்போ நிஜப் பந்து எதுக்கு? தேயுமே!" என்றார் சிங்காரம்.

பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். கயல் கண்ணை மூடி நின்றாள். எதிரே சிந்தாமணி கையுறையோடு குந்தியிருந்தாள். அன்று அறுபது பந்துகள் மனசுக்குள் வீசப்பட்டன. மாலையில் சிந்தாமணி, "உள்ளங்கை எரியுது மாமா" என்று அழுதாள். நாகப்பன் தைலம் தேய்த்துவிட்டார்.

மறுநாள் கயல் சலித்துப்போய், "ஒரு பந்து கை நழுவி குளத்துல விழுந்துடுச்சு" என்றாள். கேலிதான். மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி இருட்டும்வரை தேடினார்கள்.

"கெடைக்கல. இனிமே பாத்து நினை, தாயி" என்றார் வடமலை, சளி பிடித்த குரலில்.

இரண்டாம் வரி: 'கடந்த பந்தை மறந்துவிடு.'

"எதை மறக்கணும்னு அவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்று கேட்டார் வடமலை. நியாயமான கேள்வி என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. மறக்க வேண்டியதையெல்லாம் வடமலை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு பந்துக்கு முன்பும் படித்துக்காட்டுவது என்று முடிவாயிற்று.

மூன்றாம் வரி: 'எதிரே அடிக்க நிற்பவர் இல்லை என்று நினைத்துக்கொள்.' இதற்கு விவாதமே நடக்கவில்லை.

ஞாயிறு வந்தது. நாவலேரிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள். வெயில் கொளுத்தியது. அவர்களுடைய கேப்டன் வந்து, "அண்ணே, கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

சிங்காரம் அவளுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நாகப்பனிடம் சொன்னார். "யாரோ பேசற மாதிரி இருக்கு."

"இல்லாத ஆளுக்கு என்னய்யா மோர்?" என்றார் நாகப்பன்.

ஆட்டம் தொடங்கியதும் வடமலை மைதானத்துக்குள் ஓடினார். "கயலு, மறக்க வேண்டியது: மொதப் பந்து, அகலமாப் போச்சு. ரெண்டாவது, அவ விளாசிட்டா!" அம்பயர் அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளிவிட்டார். வடமலை அசரவில்லை. கோயில் மைக்கை வாங்கிவந்து நின்றுகொண்டார்.

எப்படியோ ஆட்டம் கடைசி ஆள்வரை வந்துவிட்டது. புளிமேட்டுப்பட்டி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. நாவலேரிக்காரி இரண்டு பந்தைக் கோட்டைவிட்டு நின்றாள். இன்னும் ஒன்று தப்பினால் ஆட்டம் கயலுடையது. ஜெபமணி மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

மைக் கரகரத்தது. "மறக்க வேண்டியது, மொத்தம் நாப்பத்தேழு. ஒண்ணு..."

கயல் திரும்பினாள். "மாமா, முடிஞ்சுதா?"

"பொறும்மா, இப்பத்தான் ஆறாவது. நாய் மேல பட்டதே, அது."

கயலுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. அடித்த பந்து, அடிக்காத பந்து, எதிரே நின்றவள், நாற்காலியில் இருந்த மேடம் எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. வீசினாள். கொக்கெல்லாம் எழும்பின. மட்டை காற்றைத்தான் வெட்டியது.

"அவுட்!" என்றார் அம்பயர்.

ஊரே குதித்தது. கமிட்டி மட்டும் குதிக்கவில்லை. மூவரும் வரிசையாக அம்பயரிடம் போனார்கள்.

"ஆட்சேபம் இருக்கு" என்றார் சிங்காரம்.

"ஜெயிச்சது நீங்கதானேய்யா!"

"அது இருக்கட்டும். அங்க ஆளே இல்லையே, யாரு அவுட்டு?"

"இந்தா நிக்கறேனே!" என்று கத்தினாள் நாவலேரிக்காரி.

"மறுபடியும் யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றார் நாகப்பன்.

அம்பயர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். அதற்குள் ஜெபமணி மேடம் வந்துவிட்டார்.

"இந்தப் பொண்ணை எடுத்துக்கறேன். நாளைக்கே முகாமுக்கு அனுப்பி வைங்க."

சிங்காரம் கைகட்டி நின்றார். "அனுப்பறோம்ங்க. ஆனா அவ மனசுக்கு மூணு பேர் வேணுமே. நாங்களும் பஸ்ஸுல..."

மேடம் பதறிப்போனார். "ஐயா சாமி! பொண்ணை மட்டும் அனுப்புங்க. மனசை இங்கேயே விட்டுடுங்க!"

கயல் மறுநாள் தனியாக பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் ஊர் முனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே போனாளாம்.

மேடம் சொன்ன சொல்லைக் கமிட்டி காப்பாற்றுகிறது. கயல் நின்று வீசிய மேட்டில் ஒரு நாற்காலி போட்டு, குடை கட்டி, மூவரும் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். போன வாரம் மழை பெய்தபோது வடமலை நாற்காலியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு முகாமுக்கு போன் போட்டார்.

"கயலு, தும்மல் எதும் வருதா?"

"இல்ல மாமா."

"அப்போ நனையல. நீ நிம்மதியா வீசு."

வருகிற ஞாயிறு நாவலேரியோடு மறு ஆட்டம். பந்து வீச ஆளில்லையே என்று யாரோ கேட்டார்கள். சிங்காரம் நாற்காலியைக் காட்டிச் சிரித்தார்.

சிந்தாமணி இப்போதே உள்ளங்கைக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.